ஹீட்டர் இல்லாத பழைய காருக்கு ஹீட்டர் போடுவது எப்படி: பெட்டியைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 1960களின் நடுவில் வந்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் கார், தண்ணீரில் குளிரும் எஞ்சின். வாங்கும்போதே ஹீட்டர் கிடையாது. ஃபயர்வாலில், அதாவது எஞ்சின் அறையையும் உட்காரும் இடத்தையும் பிரிக்கிற தகட்டில், இரண்டு ஓட்டைகளை யாரோ ரப்பர் மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள், டேஷ்போர்டின் மேல் கண்ணாடி ஓரமாக நீளமான இரண்டு இடுக்குகள் மட்டும் இருக்கின்றன. பழைய ஹீட்டரையே தேடிப் பிடித்துப் போடுவதா, எந்தக் காருக்கும் பொருந்தும் என்று விற்கிற பெட்டியை வாங்கி மாட்டுவதா, அல்லது சிகரெட் லைட்டரில் செருகுகிற 12 வோல்ட் ஹீட்டரோடு சமாளித்துக்கொள்ளலாமா?

கடைசியில் கேட்டதை முதலில் முடித்துவிடலாம். செருகுகிற ஹீட்டர் வேண்டாம். அவை பெரும்பாலும் 150 வாட் அளவில்தான் இருக்கும், 12 வோல்ட்டில் கணக்குப் போட்டால் பன்னிரண்டரை ஆம்பியர். இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். வெளியே 0 டிகிரி இருக்கும்போது மணிக்கு 120 கன மீட்டர் காற்றை உள்ளே இழுத்து 50 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும் என்றால் ஏறத்தாழ 2 கிலோவாட் தேவை. பழைய கார் ஹீட்டர் சாதாரணமாகக் கொடுக்கிற காற்றும் சூடும் இதைச் சுற்றித்தான் இருக்கும். 150 எங்கே, 2000 எங்கே. அதோடு உங்கள் காரில் இன்னும் டைனமோவே இருக்கிறது என்றால், அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் கம்பெனியின் சி40 டைனமோவின் முழு உற்பத்தியே 22 ஆம்பியர்தான், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஐடிலிங்கில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஹெட்லைட், வைப்பர், இந்த ஹீட்டர் மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பேட்டரிதான் மெல்ல மெல்ல உயிரை விடும். எஞ்சினில் எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர், வழியாக வெளியே வீணாகப் போகிறது, அதில் கொஞ்சத்தை உள்ளே திருப்பி விடுவதுதான் நம் வேலை. மின்சாரத்தில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் சீட்டுக்கு அடியில் வைக்கிற சூடேற்றும் பட்டை பரவாயில்லை, ஒரு சீட்டுக்கு 50 வாட் போலத்தான் எடுக்கும், சூடு காற்றில் கரையாமல் உடம்பில் நேராகப் படும். ஆனால் கண்ணாடியில் படிகிற பனிப்படலத்தை அது ஒன்றும் செய்யாது, ஹீட்டர் முதலில் வேண்டியதே அந்தக் கண்ணாடிக்காகத்தான்.

சரி, ஹீட்டர் ஏன் இல்லை? இதைக் கண்டுபிடிக்காமல் எதையும் வாங்காதீர்கள். இரண்டு சாத்தியம். ஒன்று, தொழிற்சாலையிலேயே போடவில்லை. அந்தக் காலத்தில் இது சாதாரணம், 1959ல் வந்த மினியிலும் சரி, 1962ல் வந்த எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரிலும் சரி, ஹீட்டர் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் பொருளாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் 1968 முதல் முன்கண்ணாடியின் பனியை நீக்கும் ஏற்பாடு கட்டாயம் என்று விதி வந்தது. அதனால் அங்கே ஏற்றுமதியான கார்களில் ஹீட்டர் இருக்கும், அதே மாடல் வேறு ஊருக்குப் போனால் வெறும் மூடித் தகடுதான் இருக்கும். இந்த வகையில் உங்கள் கார் சேர்ந்தால் நல்ல செய்தி, ஏனென்றால் எல்லாக் கார்களுக்கும் ஒரே பாடிதான் அடித்திருப்பார்கள், ஓட்டைகளும் போல்ட் இடங்களும் காற்றுப் பாதையும் ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது சாத்தியம், இருந்ததை யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். இது கொஞ்சம் கவலைப்பட வேண்டிய விஷயம். ஹீட்டரைச் சும்மா யாரும் கழற்றுவதில்லை, கோர், அதாவது பெட்டிக்குள் சூடான தண்ணீர் ஓடுகிற சின்ன ரேடியேட்டர், ஒழுகியிருக்கும், அதற்கு ஒழுகல் அடைக்கும் பொடியைப் போட்டுப் பார்த்திருப்பார்கள், அப்புறம் அதுவும் சரிப்படாமல் பிடுங்கிவிட்டு இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து விட்டிருப்பார்கள். அந்தப் பொடியும் துருவும் எஞ்சினின் நீர்வழிகளில் இன்னும் இருக்கும், நீங்கள் புதுக் கோர் போட்டதும் அதன் மெல்லிய குழாய்களில் போய் நேராக உட்காரும். எது என்று கண்டுபிடிப்பது எளிது. ரப்பர் மூடியைக் கழற்றி ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். தொழிற்சாலை பெயின்ட் கலையாமல் இருந்தால் அங்கே குழாய் போனதே இல்லை. ஹோஸ் உரசிய தடமோ பச்சை நிறத்தில் காய்ந்த கூலன்ட் கறையோ இருந்தால் இருந்தது, போய்விட்டது. முன் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், அடியில் துருவும் பிசுபிசுப்பும் இருந்தால் கதை முடிந்தது. வயரிங்கில் எங்காவது ஒரு பச்சை வயர் டேப் சுற்றிக் கிடக்கிறதா என்றும் தேடுங்கள், லூகாஸ் வயரிங் என்றால் பச்சை நிறக் குடும்பம் இக்னிஷன் போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற, ஃப்யூஸ் வழியாகப் போகிற வயர்கள், ஹீட்டர் மோட்டாரும் அதில்தான் தொங்கும்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லோரும் பெட்டியைத்தான் தேடுகிறார்கள். அழகான பழைய பெட்டி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பெட்டி கடைசிதான். சூடான தண்ணீர் எஞ்சினில் எங்கே கிளம்பி எங்கே திரும்புகிறது என்பதில்தான் ஹீட்டர் வேலை செய்வதும் செய்யாததும் இருக்கிறது. கிளம்புகிற இடம் சிலிண்டர் ஹெட்டில், தெர்மோஸ்டாட்டுக்கு (எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கிற வால்வு) முன்னால் இருக்க வேண்டும். திரும்புகிற இடம் வாட்டர் பம்ப் உறிஞ்சுகிற பக்கம், அதாவது ரேடியேட்டரின் கீழ் ஹோஸிலோ பம்பின் உடம்பிலோ. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள அழுத்த வித்தியாசம்தான் தண்ணீரைக் கோர் வழியாகத் தள்ளுகிறது. இரண்டு முனையையும் அழுத்தம் ஒரே மாதிரி இருக்கிற இடத்தில் கொடுத்தால் தண்ணீர் அசையாது.

நான் முதன்முதலில் ஹீட்டர் போட்ட காரில் கிளம்புகிற இடத்தைத்தான் தப்பாக எடுத்தேன். ஹெட்டில் ஹீட்டருக்கான ஓட்டையை மூடியிருந்த திருகு அடைப்பு துருவேறி இறுகிக் கிடந்தது, ஸ்பேனர் போட்டால் முனை வழுக்குகிறது, சரி எதற்கு வம்பு என்று ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி ஒரு டீ (T வடிவ) இணைப்புப் போட்டு அங்கிருந்து தண்ணீரை எடுத்தேன். எஞ்சின் நன்றாகச் சூடாகி தெர்மோஸ்டாட் திறக்கும் வரை அந்த ஹோஸில் ஓட்டமே கிடையாது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. காரை எடுத்து முதல் கால் மணி நேரம், அதாவது ஹீட்டர் மிகவும் தேவைப்படுகிற நேரம், பச்சைத் தண்ணீர்க் காற்று. அப்புறம் திறந்த பிறகும் வெதுவெதுப்புத்தான். இரண்டு நாள் பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த அடைப்பைத்தான் கழற்ற வேண்டியதாயிற்று, துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் விட்டுவிட்டு ஊறவைத்து, ஹெட்டைக் கொஞ்சம் சூடாக்கி, பொருத்தமான ஸ்பேனரில் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து எடுத்தேன். நீங்களும் அதைத்தான் முதலில் செய்யுங்கள். உங்கள் எஞ்சினுக்கு ஹீட்டர் இருந்த மாடல் ஒன்று நிச்சயம் இருக்கும், அதன் பாகங்கள் படத்தைப் பார்த்தால் ஹெட்டில் எந்த அடைப்புக்குப் பதில் ஹீட்டர் வால்வு வரும், கீழே எந்தக் குழாயில் திரும்பு முனை வரும் என்று தெரிந்துவிடும். கீழ்ப்பக்கக் குழாய் ஹீட்டர் இல்லாத காருக்கு வேறு மாதிரியும், இருக்கிற காருக்குப் பக்க முனையோடும் வந்திருக்கும், அந்தச் சின்னக் குழாயைத் தேடுவதுதான் பெட்டியைத் தேடுவதைவிடப் பெரிய வேலை. கிடைக்காவிட்டால் கீழ் ஹோஸின் நேரான பகுதியில் உலோக டீ இணைப்புப் போடலாம், அங்கே தவறில்லை.

தண்ணீர் தானாகவே சூட்டில் மேலேறிச் சுற்றுகிற, பம்பே இல்லாத மிகப் பழைய கார்கள் உண்டு, ஃபோர்டு மாடல் டி பெரும்பாலும் அப்படித்தான். அவற்றில் கோர் வைத்த ஹீட்டரை நம்ப முடியாது, தள்ளிவிட ஆளில்லை. காற்றில் குளிரும் எஞ்சின் இன்னொரு கதை. வோக்ஸ்வேகன் பீட்டில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள கூட்டில் காற்றை ஓட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்புகிறது. அந்தக் கூட்டில் உள்பக்கம் துரு ஓட்டை விழுந்தால் கார்பன் மோனாக்சைடு நேராக உங்கள் மூக்குக்கு வரும், வாசனையும் இருக்காது. உங்களுடையது தண்ணீர் எஞ்சின் என்பதால் இந்தப் பயம் குறைவு, இல்லை என்று சொல்லவில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தெர்மோஸ்டாட் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஹீட்டர் கழற்றப்பட்ட கார்களில் தெர்மோஸ்டாட்டும் கழற்றப்பட்டிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எஞ்சின் கொதித்தால் முதலில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிவிடுவது ஒரு பழைய வைத்தியம், நோய் ரேடியேட்டரில் இருக்கும். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் குளிர் நாளில் தண்ணீர் 50, 60 டிகிரியைத் தாண்டவே தாண்டாது, எவ்வளவு நல்ல ஹீட்டர் போட்டாலும் ஆறிய காற்றுத்தான் வரும், எஞ்சினும் சீக்கிரம் தேயும். சோதிப்பது எளிது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, அப்புறம் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் இருக்கிறது, வேலை செய்கிறது. ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கால எஞ்சின்களுக்கு 74, 82, 88 டிகிரி என்று மூன்று வகை பரவலாக வந்தன, ஹீட்டருக்காகப் போடுவதென்றால் 82, நல்ல குளிர் என்றால் 88. புதிதாக வாங்கியதையும் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மாமீட்டரோடு தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள், திறக்காத புதுச் சரக்கையும் பார்த்தாயிற்று.

இனி பெட்டி. மூன்று வழி இருக்கிறது, என் விருப்பத்தை மறைக்கப் போவதில்லை. உங்கள் காரில் இடுக்கும் ஓட்டையும் ஏற்கெனவே இருப்பதால் அதே மாடலின் பழைய ஹீட்டரைத் தேடுங்கள். புதிதாக எதையும் வெட்ட வேண்டாம், டேஷ்போர்டில் கன்ட்ரோல் வரும் இடமும் மூடிக்குப் பின்னால் தயாராக இருக்கும், நாளைக்கு விற்றாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பழையதில் துருப்பிடித்த பெட்டி, செத்த மோட்டார், ஒழுகும் கோர் என்று எது இருந்தாலும் பயப்பட வேண்டாம், மூன்றையும் சரி செய்யலாம். உள்ளே இருக்கும் மடல்கள், அதாவது காற்றைக் கண்ணாடிக்கும் காலுக்கும் பிரித்து விடுகிற தகடுகள், அவற்றின் கம்பிகளும் நெம்புகோல்களும் முழுசாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள், அந்தச் சில்லறைப் பாகங்கள்தான் தனியாகக் கிடைக்காது.

டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கவிடும் பொதுவான பெட்டி இரண்டாவது. வேலை செய்யும், ஆனால் பெரும்பாலானவை உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிச் சுற்றிச் சூடாக்கும். நான்கு பேர் மூச்சு விடுகிற ஈரக் காற்றைச் சூடாக்கிக் குளிர்ந்த கண்ணாடியில் அடித்தால் பனிப்படலம் கூடத்தான் செய்யும். வெளிக்காற்று வரும் வழி ஒன்றை அதனோடு இணைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள், கண்ணாடிக்கு ஹோஸ் மாட்ட வட்ட முனைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மாட்டும்போது அட்டைப் பலகையில் ஸ்குரூ போட்டுத் தொங்கவிடாமல் ஃபயர்வாலில் பின்னால் தகடு கொடுத்து போல்ட் போடுங்கள். தண்ணீர் நிரம்பிய கோர் கனமானது, மோதல் நடந்தால் முன்சீட்டில் இருப்பவரின் முழங்காலுக்கு நேரே அதுதான் இருக்கும்.

மூன்றாவது, இப்போதைய சின்னக் கார் ஒன்றின் ஹீட்டர் பெட்டியை எடுத்து நுழைப்பது. காற்று அள்ளிக் கொட்டும், ஆனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் இடம் போதாமல் பாடியை வெட்ட ஆரம்பிப்பீர்கள். இன்னொன்று, புதுக் கார்களில் பலவற்றில் தண்ணீரை நிறுத்தும் வால்வே கிடையாது, கோரில் எப்போதும் சூடான தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், மடல்தான் சூட்டை மறைக்கும். பழைய காரில் அதை அப்படியே போட்டால் கோடையில் உங்கள் கால் வேகும். வெளியே தனியாக ஒரு வால்வு போட்டே ஆக வேண்டும். டீசலிலோ பெட்ரோலிலோ தானாக எரிகிற தனி ஹீட்டர்களும் இருக்கின்றன, எஞ்சினே ஓடாமல் 2 கிலோவாட் தரும். ஆனால் அதற்குத் தனிப் புகைக்குழாய், தனி எரிபொருள் வழி, உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் எல்லாம் வேண்டும். வேனில் தூங்குகிறவர்களுக்குச் சரி, உங்களுக்குத் தேவையில்லை.

பழைய பெட்டி கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோரை வெளியே எடுத்து, தோட்டத்து ஹோஸில் தண்ணீரை வழக்கத்துக்கு எதிர்த் திசையில் விட்டுக் கழுவுங்கள், காப்பித்தூள் போல வருவது நிற்கும் வரை. செம்பு, பித்தளைக் கோர் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சிட்ரிக் அமிலம் கரைத்து நிரப்பி வைத்து அப்புறம் நன்றாக அலசலாம். பிறகு ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் சைக்கிள் பம்பை இணைத்து, வாளித் தண்ணீரில் முக்கி மெல்லக் காற்றடியுங்கள். எவ்வளவு? உங்கள் ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். 7 பிஎஸ்ஐ மூடி உள்ள காருக்கு 10 போதும், குமிழி வந்தால் ரேடியேட்டர் வேலை செய்பவரிடம் கொடுத்து ஈயம் வைக்கலாம், அல்லது நடுப்பகுதியை மட்டும் புதிதாக மாற்றலாம். இன்னொரு எச்சரிக்கை: எஞ்சின் கொதிக்காமல் இருக்கட்டும் என்று 7 இருந்த இடத்தில் 15 பிஎஸ்ஐ மூடி போட்டிருப்பார்கள், பழைய கோர் அதைத் தாங்காது, மூடியில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்துச் சரியான மூடிக்குத் திரும்பிவிடுங்கள். இந்தச் சோதனையைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். நான் ஒருமுறை சோம்பேறித்தனமாகப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மாட்டிவிட்டு, டேஷ்போர்டு முழுவதையும் இரண்டாம் முறை கழற்றியிருக்கிறேன். எம்ஜிபி வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஹீட்டர் பெட்டியை ஒரு முறை கழற்றி மாட்டினவர் இரண்டாம் முறை மாட்ட வேண்டும் என்று சொன்னால் காரையே விற்கத் தயாராகிவிடுவார்.

கோரைப் பெட்டியில் திரும்ப வைக்கும்போது நான்கு ஓரத்திலும் புதிதாக ஸ்பான்ஜ் பட்டை ஒட்டுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பழைய ஸ்பான்ஜ் பொடியாகிப் போயிருக்கும், காற்று கோர் வழியாகப் போகாமல் பக்கத்து இடைவெளியில் சுலபமாக நழுவிவிடும். குழாய் கொதிக்கிறது, காற்று மட்டும் சில்லென்று வருகிறது என்று புலம்புகிறவர்களில் பலருக்கும் இதுதான் காரணம். பழைய காரின் ஃபயர்வால் அட்டை, பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பட்டை போன்றவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, சுரண்டுவதாக இருந்தால் நனைத்து, முகமூடி போட்டுச் செய்யுங்கள், காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள்.

மோட்டாரைத் தனியாக பேட்டரியில் போட்டு ஓட்டிப் பாருங்கள். இறுக்கமாகச் சுற்றினால் இரு பக்கத்துப் புஷ்ஷிலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், கார்பன் பிரஷ் உரசுகிற செம்பு உருளையான கம்யூட்டேட்டரை நல்ல சாண்ட்பேப்பரில் லேசாகத் துடைப்பு, கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் புதியது, பெரும்பாலும் இவ்வளவிலேயே எழுந்து உட்காரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்களில் பல, பேட்டரியின் பாசிட்டிவ் முனையை பாடியில் இணைத்தவை. பிற்காலத்து மோட்டாரை, அதாவது நிரந்தர காந்தம் வைத்ததை, அதில் அப்படியே இணைத்தால் எதிர்த் திசையில் சுற்றும். விசிறி இறக்கை உள்ள ஃபேன் என்றால் காற்றை வெளியே இழுக்கும், உடனே தெரிந்துவிடும். உருளை வடிவ புளோயர் என்றால் காற்று அதே பக்கம்தான் வரும், ஆனால் பாதிகூட வராது, சத்தம் மட்டும் வரும், காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. வயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும், ஆனால் மோட்டாரின் உடம்பே ஒரு முனையாக இருந்தால் அதைப் பாடியில் படாமல் பிரித்து மாட்ட வேண்டும். 6 வோல்ட் காராக இருந்தால் 12 வோல்ட் மோட்டார் தூங்கி வழியும், அதற்கேற்றதுதான் வேண்டும்.

வயரிங்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய மோட்டார் 4, 5 ஆம்பியர்தான் எடுக்கும், அந்தப் பச்சை வயர் வழியிலேயே ஓடலாம். புதுக் கார் புளோயர் என்றால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு எடுக்கும், தனியாக ஃப்யூஸும் ரிலேயும் போட்டுவிடுங்கள், பழைய ஸ்விட்ச் அதைத் தாங்காது. பிரிட்டிஷ் கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று எழுதியிருப்பது எரிந்துபோகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இப்போது கிடைக்கும் 35 ஆம்பியர் ஃப்யூஸை அங்கே செருகினால் ஃப்யூஸுக்கு முன் வயர் எரியும்.

ஹோஸ் வாங்கும்போது ஹீட்டர் ஹோஸ் என்றே கேளுங்கள், பெட்ரோல் ஹோஸும் தோட்டத்து ஹோஸும் உதவாது. உள்விட்டம் பல கார்களில் 13 மில்லிமீட்டர், சிலவற்றில் 16, அளந்துவிட்டு வாங்குங்கள், நெருக்கிப் பிடித்தால் சரியாகிவிடும் என்று பெரியதை வாங்கி கிளிப்பை முறுக்காதீர்கள், கோரின் பித்தளை முனை மெல்லியது, நசுங்கிவிடும். ஃபயர்வாலைக் கடக்கும் இடத்தில் ரப்பர் குரோமெட், அதாவது ஓட்டையின் விளிம்பில் மாட்டுகிற வளையம், கண்டிப்பாக வேண்டும், ஹோஸ் அறுபடாமல் இருக்க மட்டும் இல்லை, எஞ்சின் அறையின் புகை உள்ளே வராமல் இருக்கவும்தான். ஹீட்டர் போட்ட பிறகு ஜன்னலை முழுசாக மூடிக்கொண்டு ஓட்டுவீர்கள், அதுவரை காற்றோட்டத்தில் கரைந்துபோன புகைக்குழாய்க் கசிவு இனிமேல் உள்ளேயே தங்கும். அதனால் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் உள்ள எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை இந்தச் சாக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், வெளிக்காற்று எடுக்கும் வாய் போனட்டுக்கு அடியில் இருந்தால் இன்னும் கவனம். ஹோஸை ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலாகக் கொண்டுபோகாதீர்கள், என்றைக்காவது ஒழுகினால் மழையில் நின்றதுபோல் கார் நின்றுவிடும். எஞ்சின் மவுண்ட்டில் ஆடும், கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

கோரில் தண்ணீர் கீழ் முனையில் நுழைந்து மேல் முனையில் வெளியேறும்படி இணைத்தால் காற்று தானாக மேலே வழிந்து போகும். நிரப்பும்போது காரின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள், ஹீட்டர் வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள், மெதுவாக ஊற்றுங்கள். பல பழைய கார்களில் கோர் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் இருக்கும், எவ்வளவு ஊற்றினாலும் அங்கே காற்று தங்கும். அப்போது திரும்பும் ஹோஸைக் கோரின் முனையில் கழற்றி, அதற்குள் புனல் வைத்து நேராக ஊற்றி, கோரின் முனையில் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் ஹோஸை மாட்டிவிட வேண்டும், கை நனையும், வேறு வழியில்லை. கூலன்ட் சரிபாதி கலந்தது போதும், உறைதல் ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி வரை தள்ளிப்போகும். பித்தளையும் ஈயப் பற்றும் உள்ள பழைய எஞ்சினுக்கு நீண்ட ஆயுள் வகையைவிடப் பழைய வகை நீலம் அல்லது பச்சைதான் நல்லது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இது இனிப்பாக இருக்கும், நாயோ பூனையோ நக்கினால் செத்துப்போகும், சிந்தியதை உடனே துடைத்துவிடுங்கள்.

ஓட்டிப் பார்த்துச் சூடு வரவில்லையென்றால் பெட்டியைத் திட்டாமல் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று கொதிக்கிறது, மற்றது சில்லென்று இருக்கிறது என்றால் ஓட்டம் இல்லை: காற்று அடைத்திருக்கிறது, அல்லது வால்வு திறக்கவில்லை, அல்லது கோர் அடைபட்டிருக்கிறது. இரண்டும் கொதிக்கிறது, காற்று மட்டும் ஆறியிருக்கிறது என்றால் தண்ணீரில் குற்றமில்லை, மடலையோ ஸ்பான்ஜையோ ஃபேன் சுற்றும் திசையையோ பாருங்கள். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட்டுக்குத் திரும்புங்கள். கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் படலம் படிந்து இனிப்பு வாசனை வந்தால் கோர் ஒழுகுகிறது, அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

முதல் வாரம் ஓடிய பிறகு கிளிப்புகளை ஒரு சுற்று இறுக்கி, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கியிருக்கும், அது உள்ளே இருந்த காற்று வெளியேறியதன் கணக்கு. இரண்டாம் வாரமும் இறங்கினால் முன் கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்.